பால் டம்ளரோடு துரத்தும்போதே தொடங்கலாம்: வீட்டில் பிள்ளையோடு பழந்தமிழ் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு கையில் தேன் கலந்த பால், பொற்கிண்ணத்தில். இன்னொரு கையில் நுனியில் பூச் சுற்றிய சின்னக் குச்சி. "குடி" என்று அந்தக் குச்சியை ஓங்கிக்கொண்டு நரைத்த தலையோடு செவிலித்தாய்மார் ஓடி வருகிறார்கள். அந்தச் சிறுமியோ முத்துப்பரல் போட்ட சிலம்பு கலகலக்கத் தாவி ஓடிப் பந்தலுக்குள் போய்விடுகிறாள். துரத்தியவர்கள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள்.

இது நற்றிணையின் 110ஆம் பாட்டு, போதனார் பாடியது. ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முந்தைய வீட்டுக் காட்சி. என் மகளுக்கு 4 வயதில், அவள் பால் டம்ளரைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட ஓர் இரவில், தரையில் உட்கார்ந்து இதை அவளிடம் கதையாகச் சொன்னேன். "அவ குடிச்சாளா இல்லையா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. எங்கள் வீட்டில் சங்க இலக்கியம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

இடையில் ஒரு தவறும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 5 வயதில் ஒரு குறள் ஒப்புவித்தல் போட்டிக்கு அவளைத் தயார்படுத்தினேன். 3 வாரத்தில் 20 குறள். பரிசும் வந்தது. அதன்பிறகு ஓர் ஆண்டு, குறள் என்று வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டாள். மனப்பாடம் தவறில்லை, பிள்ளைகளுக்கு அது இயல்பாக வருவதும்கூட. ஆனால் பாட்டு அவளுடைய நாளுக்குள் எங்கேயும் இல்லாமல் மேடையில் மட்டும் இருந்தது, அதுதான் சிக்கல். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டவை. சாப்பாடு, நிலா, காக்கை, தாத்தா என்று பாட்டுக்கு வீட்டில் ஏற்கெனவே இடம் இருக்கிறது, அந்த நேரம் வரும்போது சரியான பாட்டு நம் கையில் இருந்தால் போதும்.

1. முதலில் நீங்கள் ஒரு பத்துப் பாட்டைக் கையில் எடுங்கள்

முழு நூல் எதையும் படித்து முடிக்க வேண்டாம். சங்கப் பாடல்களைத் திறந்ததும் மிரண்டு மூடியவர்கள் நம்மில் நிறைய. அதற்குக் காரணம் பெரும்பாலும் சொற்கள் புணர்ந்து ஒட்டிக் கிடப்பதுதான். சொல்லைப் பிரித்து அச்சிட்ட, பக்கத்திலேயே எளிய உரை உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். காசு செலவழிக்காமலும் முடியும்: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தளத்தில் மூலப் பாடல்கள் இலவசம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் உரையோடும் கிடைக்கின்றன.

பாட்டைத் தேர்ந்தெடுக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். இதில் பிள்ளை கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது இருக்கிறதா? ஒரு குரங்கு, ஒரு குழம்பு, ஒரு நிலா. குறுந்தொகை 38இல் கபிலர் ஒரு குரங்குக்குட்டியைக் காட்டுகிறார், பாறையில் மயில் இட்டுவைத்த முட்டையை அது வெயிலில் உருட்டி விளையாடுகிறது. பாட்டின் மற்ற பகுதி தலைவியின் பிரிவுத் துயரம், அது 6 வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை. 2 அடியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்:

"கான மஞ்ஞை அறைஈன் முட்டை
வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்"

'முட்டை என்னாச்சு?' என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத விவாதம்.

2. மிகச் சிறிய பிள்ளைக்கு ஓசை போதும்

3, 4 வயதில் பொருள் சொல்லவே வேண்டாம். ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதால் 'அறம் செய விரும்பு' தொடங்கி 'அஃகம் சுருக்கேல்' வரை முதல் 13 வரி உயிரெழுத்தையும் ஆய்தத்தையும் கடந்துவிடும். நான் அதைப் படியேறும்போது சொல்வேன், ஒரு படிக்கு ஒரு வரி. எங்கள் மாடிக்கு 17 படி என்பதால் மேலே போய்ச் சேரும்போது உயிர்மெய் வரிசைக்குள் கால் வைத்திருப்போம்.

சோறு ஊட்டும் நேரத்துக்குப் பாண்டியன் அறிவுடைநம்பி இருக்கிறார், புறநானூறு 188. ஒரு அரசர், குழந்தை சாப்பிடும் அழகை இப்படிப் பார்த்திருக்கிறார்:

"குறுகுறு நடந்து சிறுகை நீட்டி
இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்
நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்"

நெய்ச்சோற்றைக் கீழே போட்டு, தொட்டு, வாயில் கவ்வி, கையால் துழாவி, உடம்பெல்லாம் சிதறிக்கொண்டு. பிள்ளை இதையே செய்துகொண்டிருக்கும்போது 'இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்' என்று தாளமாகச் சொல்லிப் பாருங்கள், மறுநாள் அதுவே சொல்லும். சிந்திய சோற்றைத் துடைக்கும்போது நமக்குள் இருக்கும் எரிச்சலும் கொஞ்சம் தணியும்.

வாய் திருந்தத் தொடங்கிய பிள்ளைக்குக் காளமேகம். "காக்கைக்கா காகூகை கூகைக்கா காகாக்கை." வெறும் ககரத்தில் ஓடும் வரி. கூகை என்றால் ஆந்தை. காக்கைக்கு ஆகாது கூகை, கூகைக்கு ஆகாது காக்கை, அவ்வளவுதான் பொருள், ஆனால் அதை வேகமாக 3 தடவை சொல்லச் சொன்னால் வீடே சிரிக்கும்.

3. பாட்டைச் சொல்லும் முறை: பழசு, நம் பேச்சு, மறுபடி பழசு

இது முக்கியம் என்பதால் ஒரு பாட்டை முழுக்க எடுத்துக்கொண்டு சொல்கிறேன். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதுமணப் பெண் முதன்முதலாகத் தன் வீட்டில் சமைக்கிறாள். இதை நான் மோர்க்குழம்பு வைக்கிற நாளில் மட்டும்தான் எடுப்பேன்.

முதலில் பாட்டை அப்படியே, மெதுவாக, விளக்கம் எதுவும் இல்லாமல்:

"முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே"

பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. சரி, பரவாயில்லை. 'கழாஅது', 'உடீஇ' என்று குரல் இழுபடும் இடங்களை நன்றாக இழுத்துச் சொல்லுங்கள், அந்த இழுப்புக்கு அளபெடை என்று பெயர், ஆனால் பெயரைப் பத்து வயதுக்கு மேல் சொன்னால் போதும்.

அடுத்து, நம் வீட்டுப் பேச்சில். "கெட்டித் தயிரைக் கையாலேயே பிசைஞ்சா. கையைக் கழுவலை, சேலையிலேயே துடைச்சுக்கிட்டா. அதைத் துவைச்சு மாத்தவும் இல்லை, அப்படியே வேலை பார்க்கிறா. தாளிச்ச புகை கண்ணெல்லாம் நிறைஞ்சிருச்சு. அவளே துழாவித் துழாவிப் புளிக்குழம்பு வச்சா. அவன் சாப்பிட்டுட்டு, நல்லாருக்குன்னான். அவ முகம் லேசா மலர்ந்துச்சு." பாட்டி அடுக்களையில் இருந்தால் இன்னும் நல்லது, எங்கள் அம்மா "நான் வச்ச முதல் குழம்பு தீஞ்சுபோச்சு" என்று தன் கதையைத் தொடங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுங்கள். 'குய்' என்றால் தாளிப்பு. எண்ணெயில் கடுகு வெடித்துப் புகை எழும்போது "இதுதான் குய்ப்புகை" என்று காட்டிவிட்டால் அந்தச் சொல் எந்நாளும் மறக்காது. அல்லது 'அட்ட' என்ற சொல். அடுதல் என்றால் சமைத்தல், அதிலிருந்துதான் நம் அடுப்பு. 2000 ஆண்டுப் பழைய சொல் தங்கள் வீட்டிலேயே நெருப்போடு நிற்கிறது என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பாட்டை மறுபடி ஒருமுறை, பழைய வடிவிலேயே. இப்போது அங்கங்கே தெரிந்த முகங்கள் தென்படும். இந்த மூன்றாவது பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கதையைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், ஆனால் கதை மட்டும் தங்கினால் பிள்ளைக்குக் கிடைத்தது நம் சுருக்கம்தான், கூடலூர் கிழாருடைய தமிழ் அல்ல.

முழுவதற்கும் 10 நிமிடம் கூட ஆகாது. "என்ன புரிஞ்சுது, சொல்லு" என்று கேட்காதீர்கள். கேட்ட அந்தக் கணமே அது பாடமாகிவிடும்.

4. குறளுக்குள் விலங்குகளோடு போங்கள்

1330 குறளையும் அதிகார வரிசையில் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கினால் கடவுள் வாழ்த்து, வான் சிறப்பு தாண்டி மூன்றாம் அதிகாரமே நீத்தார் பெருமை. துறவியரின் பெருமையை 6 வயதில் என்ன செய்வது? நான் போட்டித் தோல்விக்குப் பிறகு (பரிசு வந்தாலும் எனக்கு அது தோல்விதான்) வேறு வழி எடுத்தேன். ஒரு நோட்டில் பிள்ளை விலங்கு வரையும், நான் பக்கத்தில் குறள் எழுதுவேன்.

ஆமை 126. காக்கை 527, கிடைத்ததை மறைக்காமல் கரைந்து கூட்டத்தை அழைத்து உண்ணும் காக்கை, சன்னலில் தினமும் வருவதால் இதுதான் முதலில் ஒட்டிக்கொண்டது. கொக்கு 490. முதலை 495, ஆழ் தண்ணீரில் எதையும் வெல்லும், வெளியே வந்தால் மற்றவை அதை வென்றுவிடும். புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்கிற பசு 273, இந்தப் படம் எங்கள் நோட்டில் மூன்று பக்கம் இருக்கிறது. பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்பது 481, இதைச் சொன்னதும் என் மகன் "காக்கைக்கா காகூகை!" என்று கத்தினான். காளமேகம் அந்தக் குறளைத்தான் தன் பாட்டுக்குள் வைத்து விளையாடுகிறார் என்று நான் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

விலங்கு இல்லாவிட்டாலும் செய்து பார்க்கக்கூடிய குறள்கள் உண்டு. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்", 475. மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். ஈர்க்குச்சியை அச்சாக வைத்து, தீப்பெட்டியை வண்டியாக்கி, இறகுக்குப் பதில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தோம். எத்தனையில் முறியும் என்று ஆளுக்கொரு எண் சொல்லி வைத்துக்கொண்டால் பெரியவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளை தப்பு செய்த நேரத்தில் குறளை எடுத்து அடிக்காதீர்கள். தம்பியைத் திட்டிவிட்டு அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் 'இனிய உளவாக இன்னாத கூறல்' என்று ஆரம்பித்தால் அந்தக் குறள் வாழ்நாளுக்கும் கசக்கும். அதை ஒரு நாள் மாம்பழம் நறுக்கும்போது சொல்லுங்கள். கனி இருக்கும்போது காயைப் பறித்துத் தின்பவனைப் பற்றிய குறள்தானே அது.

5. பருவத்துக்கு ஏற்ற பாட்டு

தை மாதத்தில் பனங்கிழங்கு வரும். அவித்த கிழங்கை நடுவில் பிளந்து, கூராக இருக்கும் நுனியைப் பிள்ளையின் முன் நீட்டி, 'இது என்ன மாதிரி இருக்கு?' என்று கேளுங்கள். சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகைப் பார்த்து, "பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்" என்று கூப்பிட்டார். கும்பகோணம் பக்கத்துச் சத்திமுத்தத்துக்காரர், வறுமையில் மதுரைக்கு வந்து வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டு, வடக்கே பறக்கும் நாரையிடம் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கி என் மனைவியிடம் சொல் என்கிறார். போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. "கையது கொண்டு மெய்யது பொத்திக் காலது கொண்டு மேலது தழீஇ", அதாவது கைகளால் உடம்பை மூடி, கால்களால் தன்னையே கட்டிக்கொண்டு. பிள்ளையை அப்படியே உட்காரச் சொல்லுங்கள். பெட்டிக்குள் சுருண்ட பாம்பு போல மூச்சு விடுகிறேன் என்கிறாரே, அதுபோல மூச்சு விடச் சொல்லுங்கள். என் மகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "யாராவது போர்வை குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

விதை போடும் காலத்தில் நற்றிணை 172. தோழியரோடு விளையாடியபோது வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா சொல்கிறாள், 'உங்களைவிடச் சிறந்தவள் இவள், உங்கள் தங்கை.' அதனால் அந்த மரத்தின் கீழ் நின்று உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். புன்னை கிடைக்காவிட்டால் மொச்சையோ அவரையோ போதும், தொட்டியில் ஊன்றி அதற்குத் தங்கை என்று பெயர் வைத்துவிடுங்கள்.

முழுநிலா நாளில் மொட்டைமாடி. பாரியின் கதையை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முல்லைக்குத் தேர் கொடுத்தவன், பறம்பு மலைக்காரன். (இன்றைய பிரான்மலை, சிவகங்கை மாவட்டத்தில், ஒரு விடுமுறையில் கூட்டிப் போய்க் காட்டலாம்.) மூவேந்தரும் சூழ்ந்து அவனைக் கொன்ற பிறகு அவன் மகளிர் பாடியது 5 அடிதான், புறநானூறு 112. போன மாதத்து வெண்ணிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களுடையது. இந்த மாதத்து வெண்ணிலவில் மலையும் போயிற்று, அப்பாவும் இல்லை. 8 வயதுக்குக் கீழே இதை எடுக்காதீர்கள். எடுத்தால் அன்று வேறு எதுவும் பேசாமல் நிலாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க விடுங்கள்.

6. தாத்தாவிடம் ஒரு பாட்டை ஒப்படையுங்கள்

வீட்டில் பெரியவர் இருந்தால் புறநானூறு 243 அவருக்குரியது. கைத்தடி ஊன்றிய கிழவர், இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிறவர், தன் சிறுவயதை நினைக்கிறார். மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் இருப்பவர்கள் திகைக்க, ஆழமான மடுவில் 'துடுமெனப்' பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தேனே, அந்த இளமை இப்போது எங்கே? பாடியவரின் பெயர்கூடத் தெரியவில்லை, பாட்டில் வரும் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம்.

என் அப்பா இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்புறம் பேரனிடம் தன் ஊர்க் கிணற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்கே தெரியாத கதைகள் அவை.

7. காப்பியத்தைப் பத்து வயதுக்குப் பிறகு, ஒரு வழக்காக

சிலப்பதிகாரம் 3 காண்டம், 30 காதை. முழுவதையும் வரிசையாகச் சொல்ல முயன்று புகார்க் காண்டத்திலேயே நின்றுபோன வீடுகள் உண்டு. நான் மதுரையிலிருந்து தொடங்கினேன். ஒரு சிலம்பு காணாமல் போயிருக்கிறது, இன்னொருவன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது, அரசன் விசாரிக்காமல் கொன்றுவிட்டான். இரண்டும் ஒன்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை யோசிக்கட்டும். ராணியின் சிலம்புக்குள் முத்து, கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம் என்ற இடம் வரும்போது "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்ற வரியை எழுந்து நின்று சொல்லுங்கள். 'தேரா' என்றால் ஆராயாத. அந்த ஒரு சொல்லில் குற்றச்சாட்டு முழுதும் இருக்கிறது. பிறகு பின்னோக்கிப் புகாருக்குப் போகலாம், இவர்கள் ஏன் மதுரைக்கு வந்தார்கள் என்று பிள்ளையே கேட்கும்.

கோவலன் மாதவியோடு போனதை மறைக்க வேண்டாம். 'மனைவியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய் வாழ்ந்தான்' என்று நேராகச் சொல்லலாம், பத்து வயதுக்கு அது புரியும். ஊர் எரிவதையும் மறைக்க வேண்டாம், அந்த நெருப்பு நியாயமா என்று பேச விடுங்கள்.

இதே வயதில், ஓலைச்சுவடியில் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றிய உ.வே.சா. கதையையும் சொல்லுங்கள். 1880இல் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்தவரிடம் சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டதும், இல்லை என்று உணர்ந்ததும், பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததும். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. தஞ்சை சரசுவதி மகாலில் சுவடியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு இந்த ஆண்டுகள் வெறும் எண்ணாக இருக்காது.

8. உறுத்தும் வரி வந்தால்

வரும். ஆத்திசூடியில் தகர வரிசையில் 'தையல் சொல் கேளேல்' என்று இருக்கிறது. பெண் பேச்சைக் கேட்காதே. ஔவையே பெண்தானே என்று மகள் கேட்டாள். உரைகாரர்கள் இதற்குச் சமாதானம் பலவிதமாகச் சொல்வார்கள், நான் எதையும் சொல்லவில்லை. "எனக்கும் இது பிடிக்கலை" என்றேன். பிறகு பாரதியின் புதிய ஆத்திசூடியில் அதே எழுத்தைத் தேடச் சொன்னேன். 'தையலை உயர்வு செய்.' அடுத்த வரி 'தொன்மைக்கு அஞ்சேல்.' பழைய நூலோடு வாதாடலாம், பதிலுக்கு எழுதலாம் என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வாரமே அவளும் தம்பியும் தங்கள் ஆத்திசூடியை எழுதினார்கள். 'ஊதுபத்தி அணைக்கேல்', 'எறும்பை மிதிக்கேல்', 'ஐஸ்கிரீம் பகிர்'. உங்கள் பிள்ளையையும் எழுத விடுங்கள், இலக்கணம் திருத்தாதீர்கள்.

9. எவ்வளவு, எத்தனை நாள்

வாரத்துக்கு ஒரு பாட்டு. சில வாரம் அதுவும் வேண்டாம். அதே பாட்டை அடுத்த ஆண்டு, அதே மோர்க்குழம்பின்போது, மறுபடி சொல்லுங்கள். ஆங்கில வழியில் படித்துத் தமிழ் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையானாலும் தயங்க வேண்டாம், இவை முதலில் காதுக்குத்தான். விருந்தினர் முன் சொல்லிக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நின்றால் பிள்ளையின் முன்னாலேயே அகராதியைப் புரட்டுங்கள்.

அந்தப் பால் குடிக்காத சிறுமிக்கு மீதிக் கதை ஒன்று உண்டு. போதனாரின் பாட்டில் பிற்பகுதியை நான் எட்டு ஆண்டு சொல்லவே இல்லை. போன மாதம், 12 வயது ஆனபிறகு, மகளிடம் சொன்னேன். அந்தப் பெண் வளர்ந்து திருமணமாகிப் போன வீடு வறுமையில் விழுந்துவிட்டது. ஒருவேளை விட்டு ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். அப்பா வீட்டுக் கொழுத்த சோற்றை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். அதாவது முழுப் பாட்டும் அந்தத் தாயின் நினைவு. மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவுக்கு அப்போ அவ பின்னாடி பால் எடுத்துக்கிட்டு ஓடினதுதான் ஞாபகம் வருதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.